பழைய பஜேரோவைக் குடும்பப் பயணத்துக்குத் தயார்படுத்துவது: காசு முதலில் எங்கே போக வேண்டும்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1995 மொடல் மிற்சுபிஷி பஜேரோ, டீசல், ஐந்து கதவு, இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள். வீட்டில் நீங்கள், மனைவி, சின்னப் பிள்ளைகள் இருவர், அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து மணற்காடு, சுண்டிக்குளம், கசூரினா கடற்கரை, விடுமுறை வந்தால் மன்னார், வில்பத்து என்று சுற்ற ஆசை. கையில் உள்ள காசுக்கு வின்ச் (முன்னால் பூட்டும், கம்பி சுற்றி இழுக்கும் கருவி), உயரம் கூட்டும் கிற், கூரைக் கூடாரம், எல்ஈடி லைற் பார் ஆகிய நான்கில் எதை முதலில் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கையும் இப்போதைக்கு விடுங்கள். வின்ச்சும் கிற்றும் பாறையும் மலையும் ஆறும் உள்ள இடங்களுக்கே கூடுதலாக உதவுபவை. யாழ்ப்பாணத்தில் நீங்கள் ஏறப்போகும் மலை எதுவும் இல்லை. இங்கே வாகனத்தைத் தின்பது உப்பு. நிறுத்திப் போடுவது மணலும் சேறும். பயணத்தைக் கெடுப்பது வெயில். காசையும் அந்த வரிசையில்தான் செலவழிக்க வேண்டும்: முதலில் வாகனத்தின் அடியும் எஞ்சினும், பிறகு ரயர், பிறகு ஆட்கள் இருக்கும் இடம், கடைசியாக நிழலும் தண்ணீரும்.

அடியிலிருந்து தொடங்குவோம். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை நாட்டுக்குள் தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்தது. அந்தக் காலத்தில் பழைய ஜீப்புகளின் விலை ஏறியது. விலை ஏறிய பொருளுக்கு மேலே பூச்சும் ஏறும். அடியில் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். பின் அச்சுக்கு மேலே சட்டம் (சசி) வளைந்து போகும் இடம், உடலைச் சட்டத்தில் பூட்டியிருக்கும் ரப்பர்த் தாங்கிகள், பிரேக் குழாய்கள், டீசல் ஊற்றும் குழாயின் கழுத்து, கதவுக்குக் கீழே உள்ள படி ஓரம், இந்த ஐந்து இடங்களையும் கராஜில் தூக்கி வைத்துப் பாருங்கள், சட்டத்தையும் படி ஓரத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துருப்பிடித்தது மந்தமாகக் கேட்கும், சில இடங்களில் பொருக்கு உதிரும். பிரேக் குழாயில் துரு தடித்திருந்தால் கதைக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

துருவுக்கு மேல் தடித்த தார்ப்பூச்சு அடித்து மூடுவது நிலைமையை மோசமாக்கும். ஈரமும் உப்பும் உள்ளே சிறைப்பட்டு, வெளியே தெரியாமல் தின்னும். சுரண்டி, துருவை மாற்றும் திரவம் பூசி, அடிப்பூச்சு அடித்து, அதற்கு மேல் மெழுகு வகைப் பாதுகாப்புப் பூச்சு விடுவதுதான் முறை. சட்டத்தின் உட்பக்கத்துக்கும் நீளக் குழாய் வைத்து அதையே பீச்ச வேண்டும். இங்கே பலர் கழிவு எஞ்சின் எண்ணெயை அடியில் பீச்சி விடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது ரப்பர் புஷ்களை ஊத வைக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து. அதைவிடப் பெரிய காரணம், நம்முடைய நிலம் சுண்ணாம்புக்கல். மேலே சிந்தியது கிணற்றுக்கு வந்து சேரும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் அந்த வேலையைச் செய்ய மனம் வரக் கூடாது.

கடற்கரைக்குப் போய் வந்த அன்றைக்கே அடியைக் கழுவ வேண்டும், மறுநாள் அல்ல. எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கரையோரத்திலும் தீவுப் பக்கத்திலும் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பைத் திரும்பப் பூசுவதாகத்தான் முடியும். வாயில் விட்டால் கரிக்காத தண்ணீர் வேண்டும். சட்டத்தில் உள்ள வடிகால் ஓட்டைகளுக்குள்ளும் குழாயை விட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட விடுங்கள்.

அடுத்தது சூடு. பொனற்றைத் திறந்து எஞ்சின் இலக்கத்தைப் பாருங்கள். அந்த வருசத்து டீசல் பஜேரோவில் 2.5 லீற்றர் 4டி56 அல்லது 2.8 லீற்றர் 4எம்40 இருக்கும். 4டி56 என்றால் இரண்டு விஷயம். ஒன்று, அது டைமிங் பெல்ட்டில் ஓடுவது. கடைசியாக எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு உடனே மாற்றுங்கள். பக்கத்தில் ஓடும் சின்ன பலன்ஸ் பெல்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஏனென்றால் அது அறுந்தால் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கும். இரண்டு, அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும், அதற்குப் பெயர் போனது. 4எம்40 செயினில் ஓடுவது என்பதால் பெல்ட் கவலை இல்லை. சூட்டுக் கவலை இரண்டுக்கும் உண்டு.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றக் கூடாது. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்து அடைக்கும். முப்பது வருசப் பழைய வாகனத்தில் எத்தனை பேர் எத்தனை கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்களோ யாருக்குத் தெரியும். ரேடியேற்றரைக் கழற்றிக் குழாய் குத்திச் சுத்தம் செய்வியுங்கள், முடியாத நிலை என்றால் உள்பகுதியையே மாற்றுங்கள். தேர்மோஸ்ரற், மூடி, மேல் கீழ் ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் கலந்து நிரப்புங்கள். மணலில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது காற்றும் குறைவு, எஞ்சினுக்குப் பாரமும் அதிகம். ஏ9 வீதியில் சூடு காட்டாத வாகனம் மணற்காட்டில் காட்டிவிடும்.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றி. உங்கள் சின்ன லீவரில் 2எச், 4எச், 4எச்எல்சி, 4எல்எல்சி என்று நான்கு நிலை எழுதியிருந்தால் அது சுப்பர் செலக்ற் என்ற மிற்சுபிஷியின் நான்கு சக்கர முறை. அதில் 4எச் (நான்கு சக்கரமும் இயங்கும்) நிலையை மழைநாளில் தார் வீதியிலும் பாவிக்கலாம். எல்சி என்று முடியும் இரண்டும், முன் பின் அச்சுகளின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் நடு டிஃபரன்சியலைப் பூட்டுபவை, மணலிலும் சேற்றிலும் மட்டும்தான். வெறும் 2எச், 4எச், 4எல் மட்டும் இருந்தால், காய்ந்த தார் வீதியில் 4எச் போடவே கூடாது. வாங்கிய கையோடு ஒரு மண் ஒழுங்கையில் எல்லா நிலையும் விழுகிறதா என்று பாருங்கள். டாஷ்போர்ட்டில் சக்கர விளக்கு நிற்காமல் மினுக்கினால் பெரும்பாலும் முன் அச்சுக்குப் போகும் வெற்றிடக் குழாயில் வெடிப்பு இருக்கும், அல்லது அதன் சின்ன சொலினொயிட் (மின்சார வால்வு) உப்புப் பிடித்திருக்கும். மலிவான பாகம், கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். கியர் பெட்டியைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். டிஃபரன்சியல், கியர், பிரேக் எண்ணெய்கள் எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றிவிட்டால் பிறகு எந்தத் திகதியிலிருந்து கணக்கு என்பது உங்களுக்கே தெரியும்.

உயரம் கூட்டும் கிற் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வாகனத்துக்குக் கொம்பனி கொடுத்த உயரமே நம் மணலுக்குப் போதும். தூக்கினால் முன் அச்சு மூட்டுகள் கோணம் மாறிச் சீக்கிரம் தேயும், திருப்பத்தில் ஆடும். அம்மா ஏறி இறங்குவதும் கஷ்டமாகும். அந்தக் காசில் தேய்ந்த புஷ்களையும் நான்கு ஷொக் அப்சோபரையும் மாற்றி, அம்மாவின் பக்கத்துக்கு அகலமான படி ஒன்று போடுங்கள். வாகனம் புதிதாக ஓடும்.

இனி ரயர். இதில் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் உங்களை மணலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் திருப்பிக் கொண்டுவருவதும் இதுதான். பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் தயாரித்த திகதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருசம் கடந்த ரயரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ9இல் ஓடாதீர்கள். புதிதாக வாங்கும்போது, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஓல் டெரெய்ன் வகை போதும். பெரிய கட்டை கட்டையாக இருக்கும் மட் டெரெய்ன் ரயர் பார்க்க வீரமாக இருக்கும், ஆனால் காய்ந்த மணலில் அது மண்ணைத் தோண்டித் தன்னைத்தானே புதைத்துக்கொள்ளும். அதோடு தார் வீதியில் இரைச்சல், மழையில் பிடிப்புக் குறைவு. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார் வீதிதான்.

மணலில் நுழைய முன் காற்றை இறக்க வேண்டும். வீதியில் 30 பிஎஸ்ஐக்கு மேல் ஓடுகிறீர்கள் என்றால் மணல் விளிம்பில் நிறுத்தி 18க்கு இறக்குங்கள். ரயர் நீளமாகப் படுத்து, பாரத்தைப் பரத்தி, மணலுக்கு மேலே மிதந்து போகும். இன்னும் புதைந்தால் 15. அதற்குக் கீழே போனால் சட்டென்று திருப்பும்போது ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். இறக்கிய காற்றோடு மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போகாதீர்கள், சடுதியாகத் திருப்பாதீர்கள். திரும்பத் தார் ஏறியதும் காற்றடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயரின் பக்கச் சுவர் கொதித்துக் கிழியும்.

ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டிய உபகரணம் 12 வோல்ற் காற்றுப் பம்பும் நல்ல அழுத்தமானியும். சிகரெட் லைற்றர் துளையில் செருகும் சின்னப் பம்பு இந்த அளவு ரயருக்குக் காணாது, நாலாவது ரயருக்கு முன்னே சூடாகி நின்றுவிடும். பற்றரியில் நேரே கவ்வும் வயருள்ளதாக வாங்குங்கள். ரயருக்குள் குத்தி அடைக்கும் பிளக் கிற் ஒன்றும் வேண்டும். நம் பக்கத்து மண் ஒழுங்கைகளில் உடைமர முள்ளும் பழைய முட்கம்பித் துண்டும் தாராளம். மேலதிகச் சக்கரத்தின் காற்றையும் இதோடு பாருங்கள், பெரும்பாலும் அதில் காற்றே இருக்காது. ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு முழ அகலத்தில் தடித்த பலகை கட்டாயம். மணலில் ஜாக் வாகனத்தைத் தூக்காது, தானே கீழே போய்விடும்.

புதைந்தால் என்ன செய்வது? அக்சிலரேற்றரை மிதிக்காமல் நிறுத்துவதுதான் முதல் வேலை. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் உங்களை இன்னும் ஆழமாக்கும். எல்லோரையும் இறக்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மணலைச் சவளால் அள்ளி, காற்றை இன்னும் இறக்கி, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுங்கள். பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும். வராவிட்டால் சக்கரத்தடியில் பிளாஸ்ரிக் மணல் பலகை போடுங்கள். அது வாங்கும்வரை கிடுகோ மடித்த சாக்கோ உதவும். கரைவலை இழுக்கும் உழவு இயந்திரம் பக்கத்தில் நின்றால் மீனவ அண்ணைமாரிடம் மரியாதையாகக் கேட்டால் உதவுவார்கள். அவர்களின் டீசலுக்கும் நேரத்துக்கும் காசு கொடுக்க வேண்டும்.

இழுக்கும் கயிற்றைச் சட்டத்தில் உறுதியாகப் பூட்டிய கொழுவியில் மட்டும் மாட்டுங்கள். பின்னால் இழுவைப் பெட்டிக்காக உள்ள உருண்டைக் கொழுவியில் ஒருபோதும் வேண்டாம். அது உடைந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். இழுக்கும் நேரத்தில் பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைவிடக் கூடுதலான தூரத்தில் நிற்க வேண்டும். வின்ச்சை நான் தள்ளி வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. முன்பக்கத்தில் பெரும் பாரம் ஏறும், அதைக் கட்டி இழுக்கக் கடற்கரையில் ஒன்றும் இருக்காது. மணற்காட்டுச் சவுக்கு மரங்கள் மணலைப் பிடித்து நிற்பவை, அவற்றில் கம்பி கட்டி அறுக்க யாருக்கும் உரிமை இல்லை. வின்ச் விலையைவிடக் குறைவாக நல்ல சவள், இழுவைப் பட்டி, இரண்டு ஷக்கிள் (பட்டியை மாட்டும் இரும்பு வளையம்), மணல் பலகை எல்லாம் வாங்கிவிடலாம்.

உள்ளே வருவோம். அந்த வருசத்து வாகனத்தில் பின் இருக்கையின் இரண்டு ஓரத்திலும் தோளுக்கு மேல் வரும் மூன்று புள்ளிப் பட்டியும், நடுவில் பெரும்பாலும் இடுப்புப் பட்டியும் இருக்கும். பிள்ளைகளின் இருக்கைகளை ஓரத்தில் பூட்டுங்கள், நடுவில் மனைவி. அம்மா முன் இருக்கையில், ஏறவும் சுலபம். மூன்றாவது வரிசையில் பிள்ளைகளைச் சாமான்களோடு விட வேண்டாம். பட்டியின் நாடா நுனி பிய்ந்திருந்தாலோ வெடுக்கென்று இழுத்தால் உடனே பூட்டாவிட்டாலோ புதிது போடுங்கள். சாமான் வைக்க மூன்றாவது வரிசையைக் கழற்றி வீசாமல் மடித்து வையுங்கள். இருக்கை எண்ணிக்கை, நிறம், எஞ்சின் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் எதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் மாற்றினால், பரிசோதனையிலும் காப்புறுதியிலும் பிரச்சினை வரும்.

பாரமான சாமான் கீழே, இருக்கையின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. 20 லீற்றர்க் கான் இரண்டு வைத்தால் 40 கிலோ. ஏ9இல் மாடு குறுக்கே வந்து நீங்கள் பிரேக் அடித்தால் அந்த 40 கிலோவும் பிள்ளைகளின் தலையைத் தேடி வரும். தரையில் உள்ள வளையங்களில் பட்டி போட்டு இறுக்குங்கள், அதற்கு மேல் வலை ஒன்று. கூரையில் பாய், தலையணை, படங்கு போன்ற பாரமில்லாதவை மட்டும். கூரைக் கூடாரம் பெரும்பாலும் 50 கிலோவுக்குக் கிட்டவோ மேலோ வரும், அவ்வளவு பாரத்தை உச்சியில் வைத்து மணல் சரிவில் சாய்வது நல்லதல்ல. உங்கள் அம்மா ஏணியில் ஏறப்போவதும் இல்லை.

நிழலுக்கு நல்ல படங்கு ஒன்று, இரண்டு கம்பு, கயிறு போதும். ஒரு பக்கத்தைக் கூரைக் கம்பியில் கட்டி மறுபக்கத்தைக் கம்பில் நிறுத்துங்கள். மணலில் முளை நிற்காது, சோளகக் காற்று பிடுங்கி எறியும். வெறும் சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். அசையாது. குளிரூட்டும் பெட்டிக்கு இரண்டாவது பற்றரி எல்லாம் இப்போது வேண்டாம். மீன்பிடித் துறையடிகளில் ஐஸ் வாங்கலாம், தடித்த ரெஜிபோம் பெட்டியில் ஒரு பகலுக்குத் தாராளம். சமையலும் முதல் வருசம் வேண்டாம் என்பேன். புட்டும் சம்பலும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு போங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் காஸ் கானை விட்டுவிட்டுப் போவது ஆபத்து.

லைற் பாரை விட, இருக்கிற ஹெட்லைற்றைச் சரிப்படுத்துங்கள். பழைய வயரிங்கில் வோல்ற் குறைந்துதான் பல்புக்குப் போகும். றிலே போட்டு, கண்ணாடியைப் பொலிஷ் செய்து, கோணத்தைச் சரியாக வைத்தால் எவ்வளவோ வித்தியாசம் தெரியும். எதிரே விளக்கில்லாத சைக்கிளில் வருபவரின் கண்ணைக் குருடாக்கும் பார் நம் வீதிகளுக்கு ஏற்றதல்ல, பொலிசும் மறிப்பார்கள்.

இடங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மணற்காட்டில் மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயில் பக்கம் வாகனத்தை நிறுத்திவிட்டு மணல்மேட்டில் நடந்து ஏறுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் சந்தோஷம். மேட்டின் மேல் வாகனம் ஏற்றினால் மணலைக் கட்டி வைத்திருக்கும் கொடிகள் அறுந்துபோகும். சுண்டிக்குளம் 1938இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015இல் தேசிய பூங்காவானது. வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேட்டு, சொன்ன பாதையிலேயே போங்கள். கோடையில் களப்புத் தரை வெள்ளைப் பொருக்கோடு சிமெந்து போலத் தெரியும், கீழே சேறு. நடந்து பார்த்துக் குதிக்கால் இறங்கினால் வாகனத்தை விடாதீர்கள். வில்பத்துக்குள் குறித்த இடங்கள் தவிர வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது, ஆகவே பிள்ளைகளுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். நெடுந்தீவுக்கு நீங்கள்தான் போகலாம், வாகனம் குறிகட்டுவான் துறையில் நிற்கும், அன்றைக்கும் வந்து கழுவ வேண்டும்.

இதை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கங்களில் வீதியை விட்டு இறங்காதீர்கள், வாகனத்தாலும் காலாலும். நாட்டிலேயே மிக மோசமான கண்ணிவெடிப் பரப்புகளில் ஒன்று முகமாலை. அங்கே ஹலோ ட்ரஸ்ட் போன்றவர்கள் வருசக்கணக்காக நிலத்தைத் துப்புரவாக்கி வந்திருக்கிறார்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை என்ன சொல்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் பாவிக்கும் பாதையை விட்டு விலக வேண்டாம்.

மருந்துப் பெட்டியில் கட்டுத் துணி, கிருமிநாசினி, பிள்ளைகளின் அளவுக்குப் பரசிற்றமோல், ஜீவனி (வாய்வழி நீரேற்ற உப்பு) பைகள். வடக்கின் கரையோர மணலில் சுருட்டை விரியன் உண்டு. இருட்டினால் சப்பாத்தும் ரோச்சும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கடித்தால் அந்த இடத்தை வெட்டாமல், கட்டாமல், அசைக்காமல் நேரே யாழ் போதனா வைத்தியசாலை அல்லது பக்கத்து ஆதார வைத்தியசாலை. 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழைப்பது இலவசம்.

இப்போதைக்கு வாகனத்தைக் கராஜில் தூக்கிப் பின் அச்சுக்கு மேலே உள்ள சட்டத்தை இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள், எஞ்சின் இலக்கத்தையும் எழுதுங்கள். தகடு ஒட்டினால் போதுமா, அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டுமா என்பதைப் பார்த்துச் சொல்கிறேன். ரயர் வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.